ஞான சௌபர்: வினையின் வழியைக் காட்டிய ஆட்டப் பலகை

பாம்பும் ஏணியும் என்று இன்று நம் இல்லங்களில் சிறுவர் ஆடும் ஆட்டத்தை அறியாதார் இலர். நூறு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டை, ஒரு பகடை, வண்ண வண்ணக் காய்கள் சில. இவ்வளவே அதன் கருவிகள். ஏணியின் அடியில் நின்றால் ஏற்றம், பாம்பின் வாயில் நின்றால் இறக்கம். கடைகளில் சிறு தொகைக்குக் கிடைக்கும் இவ்விளையாட்டு மேனாட்டிலிருந்து நம்மிடம் வந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இது நம் நாட்டிலிருந்து கடல் கடந்து சென்று, தன் பெயரையும் பொருளையும் இழந்து மீண்டும் நம்மிடமே திரும்பி வந்த ஆட்டமாகும்.

இவ்வாட்டத்தின் முன்னோடிப் பலகைகள் வடநாட்டில் ஞான சௌபர் என்றும் ஞானபாஜி என்றும் வழங்கப்பெற்றன. வைணவர், சூஃபி மரபினர், சமணர் எனப் பல சமயத்தாரும் தத்தம் கொள்கைக்கேற்ப இதனை அமைத்துக்கொண்டனர். அவற்றுள் சமணப் பலகை, வினைக் கொள்கையையும் உலக அமைப்பையும் ஒருங்கே ஒரு துணியில் வரைந்து காட்டியமையால் தனிச்சிறப்புடையது. துணி, கட்டம், பாம்பு, ஏணி, சோழி, காய் ஆகிய எளிய பொருள்கள் எவ்வாறு ஆழ்ந்த கருத்துகளைத் தாங்கும் கருவிகளாயின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலகையின் வரலாறு

ஞான சௌபரை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மராட்டிய ஞானியாகிய ஞானேசுவரர் இயற்றினார் என்னும் செய்தி பரவலாகக் கூறப்படுகிறது. அதற்கு அக்காலச் சான்று ஏதும் காட்டப்பெறவில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் பலகைகள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவை துணியிலும் தாளிலும் வண்ணத்தால் தீட்டப்பெற்றவை. துணியும் தாளும் மடியும், கிழியும், மங்கும். ஆகவே இதற்கு முற்பட்ட பலகைகள் இருந்திருப்பினும் அவை அழிந்திருத்தல் இயல்பே.

சமணப் பலகைகள் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மிகுதியாகத் தோன்றின. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய துணிப் பலகை ஒன்று பாதுகாக்கப்பெற்று வருகிறது. இப்பலகைகளைத் தொகுத்து முறையாக ஆராய்ந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு என்னும் அறிஞர். 1985இல் வெளிவந்த அவருடைய கட்டுரையே இத்துறையில் பின்வந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

வைணவப் பலகைகளில் 72 கட்டங்கள் அமைந்தவை மிகுதி. சூஃபி மரபில் 100 கட்டப் பலகைகள் உண்டு. சமணப் பலகைகளில் 84 கட்டங்கள் அமைவது பெருவழக்கு. எண்பத்து நான்கு என்னும் எண், உயிர் பிறந்து உழலும் 84 இலட்சம் பிறப்பு நிலைகளை நமக்கு உடனே நினைவூட்டும். மழைக்காலத்தில் வரும் பர்யூஷண நாள்களில், உலகியல் தொழில்களை ஒதுக்கி இருக்கும் பொழுதில், இதனை ஆடும் வழக்கம் அப்பகுதிச் சமணரிடையே இருந்தது.

நம் தமிழகத்திலும் இதன் உறவினம் ஒன்று உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருப்பதற்காக வைணவக் குடும்பங்கள் ஆடும் பரமபத சோபானப் படமே அது. பரமபதம் என்னும் பெயரே பேச்சு வழக்கில் பாம்பு ஏணி ஆட்டம் அனைத்திற்கும் பொதுப்பெயராய்விட்டது. திபெத்திலும் சாக்கிய பண்டிதர் (1182–1251) பெயரால் வழங்கும் ஒரு பிறவி ஆட்டம் உண்டு. அதில் பாம்பும் இல்லை, ஏணியும் இல்லை. எந்தக் கட்டத்தில் எந்த எண் விழுந்தால் எங்குச் செல்ல வேண்டும் என்பதை அக்கட்டத்தின் எழுத்தே கூறிவிடும். ஒரே கருத்தை ஒரு நாட்டார் ஓவியத்தாலும் பிறிதொரு நாட்டார் எழுத்தாலும் சொன்னமை கருதத்தக்கது.

சூதின் கருவி அறத்தின் கருவியானது

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சமணர் விலக்க வேண்டிய ஏழு வியசனங்களுள் முதலில் நிற்பது சூது. திருக்குறளிலும் சூதினை விலக்க ஓர் அதிகாரம் தனியே வகுக்கப்பட்டுள்ளது. அவ்வாறிருக்க, சூதாடுவோர் கையில் புரளும் சோழியையும் பகடையையும் கொண்டே அறம் உணர்த்தும் ஆட்டத்தை அமைத்தது எவ்வாறு பொருந்தும்?

ஆட்டத்தின் பெயரிலேயே விடையின் தொடக்கம் உள்ளது. சௌபர் என்பது சிலுவை வடிவான துணிப் பலகையில் ஆடும் பழைய ஆட்டம். பச்சீசி என்பது அதன் நெருங்கிய உறவு. அரண்மனைகளிலும் திண்ணைகளிலும் பந்தயம் வைத்து ஆடப்பெற்றவை இவை. ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தின் கல்தளத்தில் இவ்வாட்டத்தின் கட்டங்கள் பெரிய அளவில் அமைந்திருப்பதை இன்றும் காணலாம். ஞான சௌபரின் கட்டங்களோ சிலுவை வடிவில் அமைந்தவை அல்ல. ஆயினும் அப்பெயரை ஏற்று, முன்னே 'ஞான' என்னும் அடையைச் சேர்த்தனர். மக்கள் எதனை விரும்பி ஆடினரோ அதன் கருவிகளையே எடுத்து, அதன் பயனை மாற்றினர்.

மாற்றம் எங்கு நிகழ்ந்தது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். சூதின் தீமை சோழியில் இல்லை. பிறர் பொருளை உழைப்பின்றிக் கவரும் வேட்கையில் உள்ளது. ஞான சௌபரில் வெல்வோர் அடைவது பிறர் இழந்த பொருளன்று. பலகையின் உச்சியில் உள்ள சித்தர் உலகை ஒருவர் அடைவதால் மற்றவர்க்கு எவ்வித இழப்பும் நேர்வதில்லை. பந்தயத்தை நீக்கியவுடன், சோழி தன் பழைய பழியினின்றும் விடுபட்டது.

இதில் வேறொரு நயமும் உண்டு. கிழக்கிந்தியப் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சோழி சில்லறைக் காசாகவும் வழங்கியது. செல்வத்தின் அளவாகவும் சூதின் கருவியாகவும் இருந்த ஒரு பொருளே, பற்றறுத்தலைக் கற்பிக்கும் ஆட்டத்திலும் இடம்பெற்றது.

துணியில் வரைந்த உலகம்

சமணப் பலகைகளின் வடிவமே ஒரு பாடம். சில பலகைகளில் கட்டங்களின் தொகுதி உலக புருஷ வடிவில் அமைந்துள்ளது. கால்களை அகற்றி நின்று, இடுப்பில் கை ஊன்றிய மனித உருவாக உலகத்தைக் கூறுவது நம் ஆகம மரபு. 14 ரஜ்ஜு உயரமுள்ள அவ்வுருவின் கீழ்ப்பகுதியில் ஏழு நரகங்களும், இடைப்பகுதியில் ஜம்புத்வீபம் முதலிய தீவுகளைக் கொண்ட நடுவுலகமும், மேற்பகுதியில் தேவருலகங்களும், அவற்றிற்கும் மேலே சித்தசிலையும் அமையும். பலகையிலும் கீழ் வரிசைகளில் நரகங்களும் மேல் வரிசைகளில் தேவருலகங்களும் எழுதப்பெற்று, முடிவில் கோயில் மண்டபம் போன்ற ஓர் அமைப்பாகச் சித்தர் உலகம் தீட்டப்பெற்றிருக்கும். ஆடுவோர் தம் காயை நகர்த்தும்போது, மூவுலகையும் விரலால் தடவிச் செல்கின்றனர் எனலாம்.

கட்டங்களின் வரிசை முறையும் எண்ணத்தக்கது. முதல் வரிசையில் இடமிருந்து வலமாகவும், அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகவும், ஏர் உழும் எருது கரையில் திரும்பி வருவது போல வழி வளைந்து வளைந்து ஏறும். இதனால் ஒரு கட்டத்திற்கு நேர் மேலே உள்ள கட்டம் கண்ணுக்கு அருகில் இருப்பினும் நடைக்குத் தொலைவில் இருக்கும். கண்ட இடத்திற்கும் அடைய வேண்டிய வழிக்கும் உள்ள இவ்விடைவெளியைப் பிறவிச் சுழற்சிக்கு ஒப்பிட்டுக் காட்டப் பெரிய விளக்கம் வேண்டா. அறக்கருத்தைக் கேட்கும் சிறுவனுக்கு, தன் காய் ஒரு வரிசை முழுவதும் சென்று திரும்பி வருவதே விளக்கமாகிறது.

துணியைத் தேர்ந்தமையிலும் ஒரு தகுதி உண்டு. மரப்பலகை கனமானது, துணியைச் சுருட்டி எங்கும் எடுத்துச் செல்லலாம். வாணிபம் செய்வோர் ஊர் ஊராகச் சென்ற காலத்தில் இது பெரும் வசதி. விரித்தால் உலகம், சுருட்டினால் கையடக்கம் என்னும் இவ்வமைப்பில் துறவியும் வணிகரும் ஒருங்கே பயன் கண்டனர்.

பாம்பும் ஏணியும்

பழைய இந்தியப் பலகைகளில் பொதுவாக ஏணிகள் குறைவு, பாம்புகள் மிகுதி. நல்வழியில் ஏறுதல் அரிது, வழுவுதல் எளிது என்னும் உண்மையை அவை எண்ணிக்கையாலேயே கூறின. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர் எழுதப்பெற்றிருக்கும். ஏணியின் அடிக்கட்டம் ஒரு நற்பண்பாகவும், பாம்பின் தலை இருக்கும் கட்டம் ஒரு தீக்குணமாகவும் அமையும். ஏணி முடியும் இடமும் பாம்பின் வால் முடியும் இடமும் அவற்றின் பயனைக் காட்டும். காரணமும் காரியமும் ஒரே கோட்டால் இணைக்கப்பட்டமையால், இவ்வினை இப்பயனைத் தரும் என்பது படிப்பறிவில்லாதார்க்கும் விளங்கிற்று.

சமணராகிய நமக்குப் பாம்பு தீமையின் உருவம் அன்று. பார்சுவநாதர் தவத்தில் நின்றபோது கமடன் பெய்வித்த கல்மழையினின்றும் தன் படத்தால் குடை பிடித்துக் காத்தவன் தரணேந்திரன். கழுகுமலைப் பாறையிலும், திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் மலையிலும், மேல்சித்தாமூர் சினாலயத்திலும் நாம் வணங்கும் பார்சுவநாதரின் திருமேனியை நினைக்கும்போதே நாகத்தின் படமும் உடன் நினைவிற்கு வரும். ஆகவே இவ்வாட்டத்தைச் சிறுவர்க்குக் கற்பிக்கும்போது, பலகையில் வரைந்த பாம்பு புற்றில் வாழும் உயிரைக் குறிப்பதன்று, நம் உள்ளத்தில் வாழும் கஷாயத்தைக் குறிப்பது என்று தெளிவுபடுத்துதல் நம் கடமை. ஓர் உயிரைப் பகையாகக் காட்டி அறம் கற்பிப்பது அகிம்சை நெறிக்குப் பொருந்தாது.

வெட்டு இல்லாத காய்

சௌபரிலும் தாயத்திலும் காய்களை வெட்டுதல் உண்டு. பிறர் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் சென்று சேர்ந்தால், அக்காய் வெளியேற்றப்பட்டுத் தொடக்கத்திற்கே திரும்ப வேண்டும். ஆடுபுலி ஆட்டத்திலும் சதுரங்கத்திலும் கூட மற்றவர் காயைக் கொல்லுதல் உண்டு. பிறர் வீழ்ச்சியே நம் உயர்ச்சி என்னும் முறை அவ்வாட்டங்களின் உயிர்நாடி.

பாம்பு ஏணி ஆட்டத்தில் வெட்டு இல்லை. ஒருவருக்கு ஒரே காய். இருவர் காய்கள் ஒரே கட்டத்தில் நிற்கலாம். ஒன்று மற்றொன்றைத் தள்ளாது. எவர் ஏறினாலும் இறங்கினாலும் அது அவரவர் காயின் செயல். பிறர் அதைத் தடுக்கவும் இயலாது, தாங்கவும் இயலாது. ஒவ்வோர் உயிரும் தனித்தனியே தன் வினையைச் செய்து தன் வினையின் பயனைத் துய்க்கிறது என்னும் நம் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்ட விதியை அமைத்தல் அரிது. உச்சியில் உள்ள கட்டத்திலும் எத்தனை காய்கள் சேர்ந்தாலும் இடநெருக்கடி இல்லை. எண்ணற்ற சித்தர்கள் ஒருவரையொருவர் தடையுறுத்தாமல் சித்தசிலையில் உறைவர் என்று ஆகமம் கூறுவதைச் சிறுவர் இங்குக் கண்ணால் காண்கின்றனர்.

குணத்தானங்களும் பலகையும்

இப்பலகையின் அமைப்பையும் பதினான்கு குணத்தானங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் வியத்தகு ஒற்றுமை புலப்படும். மித்யாத்வம் முதல் அயோகிகேவலி வரை உயிர் ஏறும் பதினான்கு படிகளை, 10ஆம் நூற்றாண்டினரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தில் விரித்துரைத்துள்ளார். அப்படிகள் நேராக ஏறிச் செல்லும் மாடிப்படிகள் அல்ல. அவற்றினிடையே ஏணியும் உண்டு, சறுக்கலும் உண்டு.

இரண்டாம் குணத்தானமாகிய சாசாதனத்தைக் காண்க. இது முதற்படியிலிருந்து ஏறிச் சென்று அடையும் நிலை அன்று. நற்காட்சி பெற்ற உயிர் அதனினின்றும் வழுவி, மித்யாத்வத்தில் வீழ்வதற்கு முன் இடையே தங்கும் மிகச் சிறிய நேரமே சாசாதனம். மலையுச்சியினின்றும் விழுந்தவன் இன்னும் தரையைத் தொடாத நிலைக்கு இதனை ஒப்பிடுவர். பலகையின் மொழியில் கூறினால், இது பாம்பின் உடலில் உள்ள இடம். ஏறி வருவோர் மிதிக்காத, இறங்குவோர் மட்டுமே கடக்கும் கட்டம்.

பதினொன்றாம் குணத்தானமாகிய உபசாந்தமோகம் இன்னும் கருதத்தக்கது. மோகனீய வினையை அழிக்காமல் அடக்கி வைத்து ஏறிய உயிர் இந்நிலையை அடையும். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து விட்டால் சேறு அடியில் படிந்து நீர் தெளிந்து தோன்றும். நம் ஊர்க் கிணற்று நீரைத் தெளிவிக்க நம் முன்னோர் கையாண்ட அதே முறை கொண்டுதான் நூலோர் இந்நிலையை விளக்கினர். நீர் தெளிந்தது உண்மை. சேறு அடியில் இருப்பதும் உண்மை. சிறிது அசைந்தால் மீண்டும் கலங்கும். ஆகவே இப்படியை அடைந்த உயிர் அங்கிருந்து மேலே செல்வதில்லை. கீழே இறங்குவது உறுதி. ஆயுள் முடிந்தால் தேவகதியிலும், காலம் முடிந்தால் படிப்படியாகக் கீழ்நிலைகளிலும் சேரும்.

மோகனீயத்தை அடக்காமல் வேரோடு களைந்து ஏறும் உயிரோ, பத்தாம் படியினின்றும் பதினொன்றை மிதிக்காமலே பன்னிரண்டாம் படியாகிய க்ஷீணமோகத்தை அடையும். படிகத்தால் ஆகிய பாத்திரத்தில் வைத்த தூய நீர் அதற்கு உவமை. அங்குச் சேறே இல்லை. ஆகவே கலக்கமும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. பின்னர் சயோகிகேவலி நிலை, அதன்பின் அ, இ, உ முதலாய ஐந்து குற்றெழுத்துகளை ஒலிக்கும் நேரமே நிற்கும் அயோகிகேவலி நிலை, அடுத்து வீடுபேறு.

பத்திலிருந்து பன்னிரண்டிற்கு ஏணி, பதினொன்றில் பாம்பு என்னும் இவ்வமைப்பைக் காணும்போது, ஏற்றமும் சறுக்கமும் கலந்த பலகையைச் சமணர் உவந்து ஏற்றதன் காரணம் விளங்குகிறது. உச்சிக்கு மிக அருகில் உள்ளதே மிகப் பெரிய வீழ்ச்சிக்குரிய இடம் என்பதைச் சித்தாந்தமும் கூறுகிறது, பலகையும் கூறுகிறது.

மற்றொரு நுட்பம்: தேவருலகம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அங்கிருந்து நேரே வீடுபேறு இல்லை. சர்வார்த்தசித்தியில் உள்ள தேவரும் மனிதப் பிறவி ஒன்று எடுத்தே முத்தியடைய வேண்டும். உயரமான கட்டமெல்லாம் முடிவுக்கு அருகில் உள்ள கட்டம் ஆகாது என்பதைப் பெரியோர் ஆட்டத்தின் நடுவே எடுத்துரைக்க இது நல்ல வாய்ப்பு.

சோழியும் முயற்சியும்

சோழி உருட்டலில் விழும் எண் எதனைக் குறிக்கிறது? தற்செயலைக் குறிப்பதாகக் கொண்டால் வினைக் கொள்கைக்கே முரணாகும். முன்செய்த வினை எப்போது உதயமாகும் என்பதை நாம் அறியோம். அறியாமையால் அது நமக்குத் தற்செயல் போலத் தோன்றுகிறது. சோழியின் எண்ணை வினையின் உதயமாகக் கொள்வதே பொருந்தும்.

சோழிக்கும் பகடைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே குறிப்பிடலாம். ஒற்றைப் பகடையில் ஒன்று முதல் ஆறு வரை எந்த எண்ணும் சமமாக விழும். ஆறு சோழிகளை உருட்டி, வாய் மேல்நோக்கியவற்றை எண்ணினால் அவ்வாறு அமையாது. இரு பக்கமும் ஒரே வாய்ப்புடன் விழுவதாகக் கொண்டால், 64 வகை விழுக்காட்டில் 20 வகையில் மூன்று விழும்; ஆறும் வாய் மேலாக விழுவது ஒரே ஒரு வகையில்தான். எனவே சோழி ஆட்டத்தில் நடுத்தரமான நகர்வே பெருவழக்கு. பெரும் பாய்ச்சல் அரிது. வாழ்க்கையின் போக்கிற்கு இது பகடையினும் நெருங்கியது.

ஆயினும் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் தகாது. இவ்வாட்டத்தில் ஆடுவோர்க்குத் தெரிவு இல்லை. எண் விழுந்தபடி காய் நகரும். ஆனால் நம் சமயமோ முயற்சியை வலியுறுத்துவது. வினையின் உதயம் நம் கையில் இல்லை. அவ்வுதயத்தின்போது வெகுளாமல், செருக்காமல் இருத்தல் நம் கையில் உள்ளது. தவத்தால் வினையை உதிர்க்கலாம் என்னும் நிர்ஜரைக் கொள்கை இல்லாவிடில் சமணமே இல்லை. "நான் ஒரு தவறும் செய்யவில்லையே, ஏன் என் காய் விழுந்தது?" என்று ஒரு குழந்தை கேட்டால், வெறும் பலகை அதற்கு விடை கூறாது. உடன் ஆடும் தாயோ பாட்டனாரோதான் கூற வேண்டும். ஆகவே இக்கருவியின் பயன், அதனைச் சுற்றி அமர்ந்தோரின் உரையாடலைச் சார்ந்தது. கட்டத்தின் பெயரைப் படித்துப் பொருள் கூறும் பெரியவர் ஒருவர் இல்லாவிடில் அது பொழுதுபோக்கே.

கடல் கடந்த பலகை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1890களில், இவ்வாட்டம் இங்கிலாந்தில் அச்சேறிப் பரவிற்று. தொடக்கத்தில் வெளிவந்த ஆங்கிலப் பலகைகளிலும் அறக்கருத்து இருந்தது. சிக்கனம், உழைப்பு, கழிவிரக்கம் ஆகியவை ஏணிகளாயின. சோம்பல் வறுமையிலும், கீழ்ப்படியாமை இழிவிலும் கொண்டு சேர்த்தன. பிறவிச் சுழற்சி நீங்கி, அக்காலத்து ஆங்கிலக் குடும்பங்களின் ஒழுக்கநெறி அவ்விடத்தில் அமர்ந்தது. பாம்புகளும் ஏணிகளும் ஏறக்குறைய சம எண்ணிக்கையாயின. காலப்போக்கில் அறச்சொற்களும் மறைந்தன. எண்கள் மட்டும் எஞ்சின. 1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்டபோது பாம்பும் நீங்கிச் சறுக்குமரம் வந்தது.

கருவிகள் அனைத்தும் அப்படியே உள்ளன: கட்டம், ஏற்றம், இறக்கம், காய், உருட்டல். நீங்கியவை கட்டங்களில் எழுதியிருந்த பெயர்களே. அப்பெயர்கள் நீங்கியவுடன் உலக புருஷன் நூறு எண்கள் கொண்ட அட்டையாகிவிட்டான். அவ்வட்டையையே நாம் காசு கொடுத்து வாங்கி நம் பிள்ளைகளுக்குத் தருகிறோம். இன்று அதுவும் கைப்பேசித் திரையில் அடங்கி, சுற்றி அமரும் குடும்பமும் நீங்கிவருகிறது.

நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

கிடைத்துள்ள ஞான சௌபர் பலகைகள் மேற்கிந்திய சுவேதாம்பர மரபின் செல்வம். ஆயினும் குணத்தானமும், நாற்கதியும், கஷாயமும் இரு மரபுக்கும் பொது. அவற்றைக் கொண்டு தமிழில் ஒரு பலகையை அமைப்பது நமக்கு அரிய செயல் அன்று. ஒரு பருத்தித் துணியும் சில வண்ணங்களும் போதும்.

பதினான்கு குணத்தானங்களையும் கீழிருந்து மேலாக எழுதலாம். இடையிடையே நாற்கதிகளையும் பன்னிரு விரதங்களையும் கட்டங்களாக அமைக்கலாம். இரண்டாம் குணத்தானத்தை இறங்குவோர் மட்டும் கடக்குமாறும், பதினொன்றில் தவறாத ஒரு சறுக்கலும், பத்திலிருந்து பன்னிரண்டிற்கு ஓர் ஏணியும் வரையலாம். வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களை நான்கு பாம்புகளாக்கலாம். தசலட்சண பர்வத்தில் நாம் போற்றும் பத்து அறங்களுள் பொறை வெகுளிக்கும், பணிவு செருக்கிற்கும், நேர்மை மாயைக்கும், தூய்மை உலோபத்திற்கும் மருந்து. பாம்பின் வாயில் நின்ற சிறுவன் அதற்குரிய மருந்தின் பெயரைக் கூறி, அன்று தான் அதனைக் கடைப்பிடித்த ஒரு நிகழ்ச்சியையும் சொன்னால், அவன் காய் இறங்க வேண்டா என்று ஒரு விதி செய்யலாம். மேலே கூறிய குறை இதனால் நீங்கும். வினையின் உதயத்தோடு முயற்சிக்கும் ஆட்டத்தில் இடம் கிடைக்கும்.

சோழி ஓர் உயிரின் ஓடு. அதனை விரும்பாதார் புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெண்மையாக்கிப் பயன்படுத்தலாம். நம் ஊர்த் திண்ணைகளில் தாயம் ஆடியோர் நெடுங்காலம் செய்ததே இது. கருமையும் வெண்மையும் காட்டும் அவ்விதைகள், சோழி செய்யும் பணியைக் குறைவின்றிச் செய்யும்.

ஒரு நிபந்தனை மட்டும் தவறாமல் காக்கப்பட வேண்டும். பந்தயம் கூடாது, காசு மட்டுமன்றித் தின்பண்டமும் பந்தயப் பொருளாதல் கூடாது. சூதினின்றும் இக்கருவியை விடுவித்த முன்னோரின் செயலை நாம் மீண்டும் கெடுத்தல் ஆகாது. விழாக் காலத்தில் சினாலய மண்டபத்திலோ இல்லத்துக் கூடத்திலோ துணியை விரித்து, மூத்தோர் ஒருவர் கட்டங்களின் பெயரைப் படிக்க, பிள்ளைகள் காய் நகர்த்தட்டும். நூலில் படித்தால் மறந்துபோகும் பதினான்கு பெயர்கள், விரலால் கடந்து சென்றால் மனத்தில் நிற்கும். உபசாந்தமோகத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்த குழந்தைக்கு, அடக்கிய வினை வேறு, அழித்த வினை வேறு என்பதைப் பின்னர் எவரும் விளக்க வேண்டியிராது.

அறம் வளர்க.